ஜே, கே, பி, ஓ, செமி

இரவு எட்டரை மணிக்குப் போன் அடித்தால் அது தம்பியாகத்தான் இருக்கும். கூடப் பிறந்தவன் இல்லை. தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. தமிழ் படிக்கிற பையன். பிறவியிலேயே பார்வை கிடையாது. அவன் பி.ஏ. கடைசி வருஷத்தில் இருந்தபோது தெரிந்தவர் ஒருவர் மூலம் அறிமுகம். அன்றிலிருந்து நான் அவனுக்கு வாசிப்பாளர். புத்தகத்தை நான் போனில் படிப்பேன். அவன் பதிவு செய்து வைத்துக்கொண்டு பிறகு தன் வேகத்துக்குக் கேட்பான். என் குரலை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிடுவானாம். "நீங்க ரொம்ப நிதானம்க்கா" என்று ஒருமுறை சொன்னான். அது பாராட்டு இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

போன ஜூலையில் ஒருநாள் குரலில் உற்சாகம். "அக்கா, இந்த செமஸ்டர் பாடம் அஞ்சும் வெப்சைட்ல போட்டுட்டாங்க. பிடிஎஃப். இறக்கிட்டேன்."

"அப்போ எனக்கு ரிட்டையர்மென்ட்டா?"

"இருங்க, திறந்து பாக்கறேன்." கீபோர்டு தட்டும் சத்தம். கொஞ்ச நேரம் அமைதி. "மூணு ஃபைல் பிளாங்க்னு சொல்லுதுக்கா. நாலாவது..." மறுபடி தட்டினான். "ஜே, கே, பி, ஓ, செமி."

"என்னடா அது?"

"தமிழ்க்கா. தமிழ்னு எழுதியிருக்காங்க. பாமினில."

எழுத்து எழுத்தாக நகர்த்திக் கேட்டுக் கேட்டு அவனுக்கு அது பழகிவிட்டது. 'எம், கே, செமி, கே, ஹெச்' என்றால் அம்மா. செமி என்பது செமிகோலன். பாமினியில் அதுதான் புள்ளி. யாப்பிலக்கணத்தில் தளை தட்டுவதைக் காதாலேயே பிடித்துவிடுகிற பையன், ஒரு பழைய எழுத்துருவின் விசைப்பலகையைச் சங்கேத மொழி மாதிரி மனப்பாடம் செய்துவைத்திருக்கிறான். இப்படி ஒரு வரியைப் புரிந்துகொள்ள அவனுக்கு மூன்று, நான்கு நிமிஷம் ஆகிறது. ஒரு பாடப் புத்தகத்தில் எத்தனை வரி என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஐந்தாவது ஃபைலும் பாமினிதான்.

பல்கலைக்கழகத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அந்த ஒன்றின் குறை என்று மற்றவை நிம்மதியாகிவிடும்.

என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விளக்கினால்தான் மேலே போக முடியும். பார்வையற்றவர்கள் கணினியையும் போனையும் திரைவாசிப்பான் வழியாகப் பயன்படுத்துகிறார்கள். பையன்கள் ஸ்க்ரீன் ரீடர் என்றே சொல்கிறார்கள். கணினியில் என்விடிஏ; ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக். என்விடிஏவை எழுதியவர்கள் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே. இருவருக்குமே பார்வை இல்லை. 2006-ல் தொடங்கிய அந்த மென்பொருள் இன்றும் இலவசம், தமிழும் படிக்கும். ஆனால் அது பக்கத்தை நம்மைப்போலப் பார்ப்பதில்லை. திரையில் நமக்குத் தெரிவது எழுத்தின் உருவம். அதற்கு அடியில் ஒரு எண் இருக்கிறது. திரைவாசிப்பான் அந்த எண்ணைத்தான் வாசிக்கிறது. 'த' என்ற எழுத்துக்கு ஒருங்குறியில், அதாவது யூனிகோடில், எண் 2980. பாமினியில் தட்டிய 'த'வுக்கு அடியில் இருப்பது 106. அது ஆங்கில 'ஜே'யின் எண். 'ஜே'யின் உருவத்தை அழித்துவிட்டு அந்த இடத்தில் 'த'வை வரைந்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இந்த வேஷம் கண்ணிடம் பலிக்கும். காதிடம் பலிக்காது.

அரசு அலுவலகங்களில் புழங்கிய வேறு சில எழுத்துருக்கள் இன்னும் மோசம். அவற்றின் அடியில் இருப்பவை தலையில் புள்ளியும் தொப்பியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள். பாமினியையாவது மனப்பாடம் செய்யலாம்.

ஒரு காலத்தில் இது கெட்டிக்காரத்தனமாகத்தான் இருந்தது. கணினிக்குத் தமிழ் தெரியாத நாளில், ஆங்கிலத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு தமிழை உள்ளே நுழைத்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆளுக்கொரு எழுத்துரு என்று சிதறியதை ஒழுங்குபடுத்த 1999-ல் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டி டாம், டாப் குறியீடுகள் வந்தன. ஒருங்குறியிலோ தமிழ் 1991-லேயே இடம்பிடித்துவிட்டது. 2010-ல், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில், தமிழுக்கு இனி ஒருங்குறிதான் என்று தமிழ்நாடு அரசு ஆணையே போட்டது; ஒருங்குறி ஓடாத இடங்களுக்கு மட்டும் டேஸ்16 என்ற பதினாறு பிட் குறியீட்டைத் துணைக்கு வைத்தது. ஆணை வந்து பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆணை பிறந்த வருஷம் பிறந்த குழந்தைக்குப் பத்தாம் வகுப்பு எழுதும் வயது வந்துவிட்டது. பாடப் புத்தகம் இன்னும் ஜே, கே, பி, ஓ.

இது ஒருங்குறி தெரியாததால் நடக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அந்தப் பாடங்களை வடிவமைத்த டிடிபி கடைக்கு ஒருநாள் போனேன். கடைக்காரர் நல்ல மனுஷர். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். "மேடம், ப்ரொபசருங்க மெயில்ல அனுப்பறது யூனிகோடுதான். பாதிப் பேர் போன்லயே அடிச்சு அனுப்பறாங்க. நாங்கதான் பாமினிக்கு மாத்தி பேஜ்மேக்கர்ல ஊத்தறோம். பேஜ்மேக்கர் யூனிகோடு எடுக்காது."

எடுக்காதுதான். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-ல் வந்த 7.0. அதன் பிறகு அதை வெளியிட்ட நிறுவனமே அதைக் கைவிட்டு இன்டிசைனுக்குப் போய்விட்டது. இன்டிசைனில் ஒருங்குறித் தமிழில் முழுப் புத்தகம் செய்யலாம். தமிழ்ப் பதிப்பகங்கள் செய்துகொண்டுதான் இருக்கின்றன. அதைக் கேட்டேன். "ஆர்டர்ல அப்படி எழுதலையே மேடம். ஃபார்மா அடிச்சுக் குடுன்னுதான் இருக்கு. எழுதினா செய்துட்டுப் போறோம்" என்றார்.

சரி, மூன்று ஃபைல் ஏன் பிளாங்க்? அதற்குப் பல்கலைக்கழக அலுவலகத்தில் பதில் கிடைத்தது. அந்த மூன்றும் பழைய பாடங்கள். அச்சான புத்தகம் இருக்கிறது, கணினிக் கோப்பு தொலைந்துவிட்டது. வெப்சைட்டில் போடச் சொல்லி மேலிடத்திலிருந்து அவசரம். புத்தகத்தைப் பிரித்து ஸ்கேன் எடுத்து ஏற்றிவிட்டார்கள். ஸ்கேன் செய்த பக்கம் என்பது போட்டோ. உள்ளே ஒரு எழுத்துகூடக் கிடையாது. திரைவாசிப்பான் பிளாங்க் என்று சொன்னது சத்தியமான வார்த்தை.

ஆகப் பாடத்தின் கதை இப்படிப் போகிறது. ஆசிரியர் எழுதும்போது தம்பியால் அதைப் படிக்க முடியும். அலுவலகம் அதை வாங்கும்போதும் முடியும். டிடிபியில் பாதி போகிறது. ஸ்கேனரில் மீதியும் போகிறது. பிறகு அந்தப் பாடத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றபடி 'மாற்றித் தர' நிதி இல்லை, ஆள் இல்லை, மென்பொருள் இல்லை என்கிறார்கள். பல்கலைக்கழகத்தின் மின்னஞ்சலில் பாடம் கண் இல்லாதவரும் படிக்கிற நிலையில் வந்து சேர்ந்தது. அதைப் படிக்க முடியாமல் செய்வதற்குத்தான் காசு செலவானது. என் புகாரில் முக்கால்வாசி இதுதான்.

ஸ்கேன் பக்கங்களை, படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் எழுத்துணரியில் போட்டுப் பார்த்தேன். கூகுள் தமிழைப் படிக்கிறது. பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் அச்சில் ரகரமும் துணைக்காலும் ஒரே முகம். புள்ளி மங்கிய இடத்தில் மெய்யெல்லாம் உயிர்மெய் ஆகிவிடுகிறது. சீர் பிரித்து அச்சிட்ட செய்யுள் பகுதியில் அடிகள் ஒன்றோடொன்று புகுந்துகொண்டன. அடிக்குறிப்பு எண்கள் வாக்கியத்துக்கு நடுவே வந்து உட்கார்ந்தன. பக்கத்துக்குப் பக்கம் மேலே அச்சிட்ட இயக்ககத்தின் பெயர் ஒவ்வொரு பத்திக்கும் நடுவில் ஒலித்தது. ஒரு புலவர் காதலியைப் பிரிந்து புலம்பிக்கொண்டே வரும்போது திடீரென்று 'தொலைநிலைக் கல்வி இயக்ககம்' என்கிறார். தம்பி அதைக் கேட்டு ரொம்ப நேரம் சிரித்தான். தேர்வுக்கு அது உதவவில்லை. நாற்பது பக்கத்தைத் திருத்த எனக்கு மூன்று நாள் ஆனது. இருந்தது அறுநூற்றுச் சொச்சம் பக்கம். விட்டுவிட்டு, பழையபடி போனில் படிக்க ஆரம்பித்தேன்.

பாடம் கிடக்கட்டும், தேர்வுக் கட்டணம் கட்டப் போனோம். அதாவது அவன் வீட்டில் அவன், போனில் நான். லாகின் பக்கத்தில் கோணல்மாணலாக எழுத்துகள் கொண்ட ஒரு படம். அதைப் பார்த்துத் தட்ட வேண்டும். நீ மனிதன்தானா என்று கேட்கிற கேப்சா. ஒலியில் கேட்கும் வசதி இல்லை. தம்பி மனிதன் இல்லை என்று முடிவாகிவிட்டது. அவன் திரையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப, நான் எழுத்துகளைச் சொல்ல, அவன் தட்டுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மூன்றாவது முறை உள்ளே போனான். பிறந்த தேதியைத் தட்ட முடியாது, காலண்டரில் சுட்டியால்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். சுட்டி அவனுக்கு எதற்கு? பொத்தான்களுக்குப் பெயர் வைக்கவில்லை. 'பட்டன், பட்டன், பட்டன்' என்று மூன்று முறை சொன்னது. எது சேமி, எது அழி, எது பணம் கட்டு என்று யாருக்குத் தெரியும்? கடைசியில் கையெழுத்தை ஸ்கேன் செய்து ஏற்று என்றது. அவன் கைரேகை வைக்கிறவன். முடிவில் வழக்கமாக எல்லாரும் செய்வதைத்தான் அவனும் செய்தான். நெட் சென்டருக்குப் போய், முன்பின் தெரியாத ஒருவரிடம் பாஸ்வேர்டையும் ஏ.டி.எம். அட்டையையும் கொடுத்துவிட்டு, கடவுளே என்று பக்கத்தில் நின்றான்.

இதற்கெல்லாம் தீர்வு யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இணைய அணுகல்தன்மைக்கான உலகத் தர நெறிகள் 1999-லிருந்தே இருக்கின்றன. பிறகு பலமுறை புதுப்பிக்கப்பட்டு, கடைசியாக 2023-ல் திருத்தம் வந்தது. மத்திய அரசின் இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிமுறையே 2009-லிருந்து இருக்கிறது. பொத்தானுக்குப் பெயர் வைப்பது நிரல் எழுதுபவருக்கு ஒரு வரி வேலை.

இன்னொரு வழக்கமும் சேர்ந்துகொண்டிருக்கிறது. சுற்றறிக்கையைத் தட்டச்சு செய்து, பிரிண்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி, அதைப் போனில் போட்டோ பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது. "குரூப்ல போட்டாச்சே, பாக்கலையா?" என்கிறார்கள். தேர்வு மையம் மாறிய விவரம் அப்படித்தான் வந்தது. தம்பிக்கு அது 'இமேஜ்' என்ற ஒரே வார்த்தை. நண்பன் சொல்லியிருக்காவிட்டால் பழைய மையத்தின் வாசலில் போய் நின்றிருப்பான்.

நான் பழகிய உலகம் பார்வையற்றவர்களுடையது என்பதால் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். காது கேளாத மாணவர்களின் பிரச்னை இதற்கு நேர் எதிர். அவர்களுக்கு எழுத்து இருக்கிறது, ஒலி இல்லை. சென்னை அடையாறில் காது கேளாதோருக்கென்றே கல்லூரி இருக்கிறது. மாநிலக் கல்லூரியில் அவர்களுக்கான பட்டப் படிப்பு இருக்கிறது. அங்கே சைகை மொழியில் படித்தவர்கள் மேற்படிப்புக்கு வேறு பல்கலைக்கழகம் போனால் கிடைப்பது காணொளிப் பாடம். பேராசிரியர் கரும்பலகையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார். உதடும் தெரியாது, கீழே எழுத்தும் ஓடாது. ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021-ல் விதி செய்திருக்கிறது. காணொளி இப்போது பாடத்துக்குத் துணை இல்லை, அதுவே பாடம். என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் திட்டம் தன் விரிவுரைகளை எழுத்தாக்கித் தருகிறது, தமிழிலும் சிலவற்றைத் தந்திருக்கிறது. செய்யக்கூடிய வேலைதான். கை நடுங்குபவர், வண்ணம் பிரித்தறிய முடியாதவர், எழுத்துகள் குழம்பும் டிஸ்லெக்ஸியா உள்ளவர் என்று பட்டியல் நீளும். 2016-ம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது.

அந்தச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் தம்பியும் நானும் அலுவலகம் போனோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 42: ஒலி, அச்சு, மின்னணு எதில் வந்தாலும் உள்ளடக்கம் அணுகக்கூடிய வடிவில் இருப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும். அதன் கீழ் 2017-ல் வந்த விதிகளில், இணையதளத்தில் வைக்கும் ஆவணம் மின்னூல் வடிவிலோ எழுத்துணரி செய்த பிடிஎஃப் வடிவிலோ இருக்க வேண்டும் என்று பச்சையாக எழுதியிருக்கிறது. உயர்கல்வியில் ஐந்து சதவீத இடஒதுக்கீடு பிரிவு 32. இடம் கொடுத்துவிட்டார்கள், அதில் குறையில்லை.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் தம்பியின் மனுவை என்னிடம் வாங்கி, என்னைப் பார்த்து, "இவருக்கு என்ன வேணுமாம்?" என்றார். தம்பி தன் வாயாலேயே சொன்னான். அவர் மறுபடி என்னிடம், "புக்கு போஸ்ட்ல அனுப்பிட்டோமே, வரலையா?" என்றார். வந்தது. ஐந்து கனமான புத்தகங்கள். வீட்டில் அலமாரியில் இருக்கின்றன.

"சாஃப்ட் காப்பி கொடுத்தா காப்பிரைட் பிரச்னை வரும்" என்றார் அடுத்த மேசைக்காரர். வராது. 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவத்துக்கு நூல்களை மாற்றவும் பகிரவும் விலக்கு கொடுத்தாகிவிட்டது. பார்வையற்றோருக்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014-ல் உலகிலேயே முதலில் ஏற்றுறுதி செய்த நாடு இந்தியா. அதுவும் போக, பாடத்தின் உரிமையே பல்கலைக்கழகத்துடையது. தன் நூலைத் தன் மாணவனுக்குக் கொடுக்கத் தன்னிடமே அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஒருத்தருக்காக எல்லாத்தையும் மாத்த முடியுமாம்மா?"

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மட்டும் மாற்றுத்திறனாளிகள் பதினொன்றே முக்கால் லட்சத்துக்கு மேல். அதைச் சொன்னேன். உள்ளபடி அது சரியான பதில் இல்லை என்று படி இறங்கும்போது தோன்றியது. ஒருவனாகவே இருந்தாலும் கட்டணம் கட்டியிருக்கிறானே.

நடைமுறைக்கு வராத விதியின் வயதைப் பற்றி உச்ச நீதிமன்றத்துக்கும் தெரியும். பார்வையற்றவரான ராஜீவ் ரத்தூரி 2005-ல் தொடுத்த வழக்கில் 2024 நவம்பர் 8-ம் தேதி வந்த தீர்ப்பு முக்கியமானது. அணுகல்தன்மை பற்றிய அந்த 2017 விதி, செய்தால் நல்லது என்று அறிவுரை சொல்கிற மாதிரி இருக்கிறது. சட்டம் கட்டாயம் என்று சொல்லும்போது விதி இப்படி இளகியிருக்க முடியாது. கட்டாயமான தரங்களை வகுத்தாக வேண்டும் என்றது. ஆறு மாதத்துக்குள், 2025 ஏப்ரல் 30-ல், ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றவர்களும் வங்கிக் கணக்குக்கான மின்னணு அடையாளச் சரிபார்ப்பில் படும் பாட்டைப் பற்றிய வழக்கில், டிஜிட்டல் அணுகல் என்பது அரசியல் சாசனத்தின் 21-ம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பு வந்தது. மானியக் குழுவும் 2022-லேயே உயர்கல்வி நிறுவனங்களுக்கென்று அணுகல்தன்மை வழிகாட்டுதல்களை வெளியிட்டிருக்கிறது. எல்லாம் டெல்லியிலிருந்து கிளம்பிவிட்டது. எங்கள் ஊர் மேசைக்கு வந்து சேரவில்லை.

கிளம்பும்போது அந்த அலுவலகத்தில் இன்னொருவர், மிரட்டலாக இல்லை, அக்கறையாகவே சொன்னார்: "இப்படிக் குடைஞ்சீங்கன்னா வெப்சைட்ல போடறதையே நிறுத்திடுவாங்க. அப்புறம் யாருக்கும் இல்லாம போயிடும்."

இதை வெறும் பேச்சு என்று தள்ள முடியவில்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் அதைத்தான் செய்தது. அது பொதுமக்களுக்கு இலவசமாகத் தந்த விரிவுரைக் காணொளிகளில் எழுத்தோட்டம் இல்லை, இருந்தவை பிழை மலிந்தவை என்று காது கேளாதோர் அமைப்பு புகார் செய்தது. 2016 ஆகஸ்டில் அந்நாட்டு நீதித்துறை புகார் சரியே என்றது. பல்கலைக்கழகம் 2017 மார்ச்சில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட காணொளிகளைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்து, தன் மாணவர்கள் மட்டும் நுழையும் பூட்டுக்குள் வைத்துவிட்டது. உலகம் முழுக்கத் திட்டு விழுந்தது. வேடிக்கை என்னவென்றால் அதில் ஒரு பகுதி புகார் செய்தவர்கள் மேல் விழுந்தது; உங்களால்தான் எல்லாம் போச்சு என்று. கதை அங்கே முடியவில்லை. 2022 நவம்பரில் நீதித்துறையோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்து, இருக்கும் காணொளிகளையும் இனி வருபவற்றையும் அணுகக்கூடியதாக்குவதாக ஒப்புக்கொண்டது. ஒளித்து வைத்ததில் ஐந்தரை வருஷம் போனதுதான் மிச்சம். பணத்துக்குக் குறைவில்லாத பல்கலைக்கழகமே கடைசியில் செய்யத்தான் வேண்டியிருந்தது, முதலிலேயே செய்திருந்தால் மலிவாக முடிந்திருக்கும்.

நம் ஊரில் எதைச் செய்யச் சொல்கிறேன்? துணைவேந்தருக்கும் ஆட்சிக்குழுவுக்கும் முதல் வேண்டுகோள், ஒரே ஒரு வரி. பாடம் எழுதுகிறவர், வடிவமைக்கிறவர், அச்சடிக்கிறவர் ஆகியோருடன் போடும் ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டிய வரி: ஒருங்குறியில் உள்ள மூலக்கோப்பைக் கொடுத்தால்தான் பில் பாஸாகும். டிடிபி கடைக்காரர் சொன்னது நினைவிருக்கிறதல்லவா, ஆர்டரில் எழுதினால் செய்துவிட்டுப் போவார். இணையதளத்துக்கு டெண்டர் விடும்போதும் அப்படியே. விசைப்பலகையால் மட்டும் விண்ணப்பத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை நிரப்பிக் காட்டினால்தான் கடைசித் தவணை. அதை நிரப்பிப் பார்க்க வேண்டியவர் கண்ணைக் கட்டிக்கொண்ட அதிகாரி இல்லை. தினமும் திரைவாசிப்பானோடு வாழ்கிற ஒரு மாணவர். அவருக்கு அதற்குக் கூலியும் கொடுக்க வேண்டும்.

ஏற்கெனவே பாமினியில் கிடக்கிற கோப்புகளை மாற்ற மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. சுரதாவின் பொங்குதமிழ் மாற்றியை எத்தனையோ வருஷமாகத் தமிழர்கள் பயன்படுத்துகிறார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகமும் ஒருங்குறி மாற்றி தந்திருக்கிறது. ஸ்கேன் ஆன பழைய பாடங்களை எழுத்துணரியில் இட்டு மெய்ப்புப் பார்க்கும் வேலையைத் தமிழ்த்துறையின் ஆய்வு மாணவர்களுக்குச் சம்பளத்தோடு கொடுக்கலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்கவில்லை. நடப்பு செமஸ்டரில் எந்தப் பாடத்துக்கு மாற்றுத்திறனாளி மாணவர் பதிவு செய்திருக்கிறாரோ அதை முதலில் எடுங்கள். அந்தப் பட்டியல் உங்கள் சேர்க்கைப் பிரிவில் இருக்கிறது. ஐந்து சதவீத ஒதுக்கீட்டுக்கு நீங்களே சான்றிதழ் சரிபார்த்தவர்கள்.

பேராசிரியர்களுக்கு ஒரு சின்ன விஷயம். வேர்டில் தலைப்பைக் கொட்டை எழுத்தாக்கிப் பெரிதாக்குவதற்குப் பதில், தலைப்பு என்றே குறியுங்கள். தம்பி ஒரு விசையைத் தட்டித் தலைப்பு தலைப்பாகத் தாவிப் போவான். படத்துக்கு அடியில் அது என்ன படம் என்று ஒரு வரி எழுதுங்கள். பிடிஎஃப் ஆக்கும்போது பிரிண்ட் கொடுக்காமல், பிடிஎஃப் ஆகச் சேமி என்பதைத் தட்டுங்கள். பிரிண்ட் வழியாகப் போனால் தலைப்பு, பட்டியல், படவிளக்கம் எல்லாம் உதிர்ந்துவிடும். ஒரு மதியம் பயிற்சி வைத்தால் போதும். சுற்றறிக்கையை போட்டோவாகப் போட்டே ஆக வேண்டுமென்றால் கீழே நான்கு வரி எழுத்தாகவும் தட்டிவிடுங்கள்.

உயர்கல்வித் துறை செய்ய வேண்டியது, ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் இதற்குப் பொறுப்பான ஓர் அதிகாரியின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் முகப்புப் பக்கத்தில் போட வைப்பது. இப்போது யாரைக் கேட்டாலும் கம்ப்யூட்டர் சென்டரைக் கேளுங்கள் என்கிறார்கள், அங்கே போனால் வெண்டரைக் கேளுங்கள் என்கிறார்கள், வெண்டர் வேறு ஊரில் இருக்கிறார். பாடம் படிக்கக் கிடைக்கவில்லை என்று மாணவர் எழுதினால் பதினைந்து நாளில் அவர் படிக்கிற வடிவில் தர வேண்டும். தராவிட்டால் அந்தத் தாளுக்கான தேர்வை அவர் கட்டணமில்லாமல் அடுத்த முறை எழுதலாம் என்று வையுங்கள். கட்டண வருமானம் குறைந்தால் அலுவலகம் கண்டிப்பாக விழித்துக்கொள்ளும். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் சட்டப்படி புகார் கொடுக்கலாம். ஆவணங்களை வரவழைக்க உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. சட்டத்தை மீறினால் முதல்முறை பத்தாயிரம் ரூபாய் வரையும், மறுபடி மீறினால் ஐம்பதாயிரத்திலிருந்து ஐந்து லட்சம் வரையும் அபராதம் என்று பிரிவு 89 சொல்கிறது.

அந்த மனு தம்பியிடம் தயாராக இருக்கிறது. அவனே தட்டச்சு செய்தது, ஒருங்குறியில், தலைப்புகளோடு. அனுப்பலாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். பல்கலைக்கழகத்தின் பதில் வரட்டும் என்று நான்தான் தள்ளிப்போட்டேன்.

பதில் போன வாரம் மின்னஞ்சலில் வந்தது. தம்பி திறந்து பார்த்துவிட்டு எனக்கு அனுப்பினான். கடிதம் இரண்டு வரி: தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது, உரிய நடவடிக்கை எடுக்கப்படும். தேதி, கடித எண், பச்சை மையில் கையெழுத்து, வட்ட முத்திரை எல்லாம் அழகாக, கொஞ்சம் சாய்வாக, ஸ்கேன் ஆகியிருந்தன.

"என்னக்கா போட்டிருக்காங்க? எனக்கு பிளாங்க்னு சொல்லுது."

படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு மனுவை ஆணையருக்கு அனுப்பிவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம். நான்காவது பாடத்தில் எழுபது பக்கம் பாக்கி; எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. எட்டரைக்குக் கூப்பிடுவான்.